மூச்சுப்பிடி எடுத்த படங்கள்

இனிமேல் தன் வீட்டிலிருந்து படம் இல்லாமல் யாரும் போய்ச் சேரக் கூடாது என்று மூச்சுப்பிடி முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. பெரிய முடிவுகளெல்லாம் அவருக்கு வாய் நிறைய நுரையோடுதான் வரும். அதனால் அவற்றை வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

மூச்சுப்பிடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆஸ்பத்திரி வைத்தது. மனிதர் பதினெட்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறார். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு எழுபது பேருக்காவது சொல்வார். பிணத்தைக் கொண்டுவந்து படுக்க வைத்தாலும் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார் என்று வார்டில் பேச்சு. அவருடைய அறைக் கதவில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு: கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது. ஆக ஊரில் உள்ள எலும்பையெல்லாம் படம் எடுத்து முடித்தவருக்கு, வாசலோடு திருப்பி அனுப்பியே பழக்கமான ஒரே கூட்டம் கர்ப்பிணிகள்தான்.

அவர் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

இதற்கு முன்னால் ஒன்று ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அந்தக் குழந்தைக்கு மிச்சம் இருந்த ஒரே படம், ஸ்கேன் எடுத்தபோது கிழித்துக் கொடுத்த கையகலத் தாள். அந்த மாதிரித் தாள் நாளாக நாளாகத் தானே வெளுத்துவிடும். படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் ஒரு நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. முதலில் நெற்றி போயிற்று, பிறகு மூக்கு, வருஷம் திரும்புவதற்குள் முழுசும் வெள்ளை. வேலை விட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் இன்னும் ஒரு கன்னம் தெரிகிறது என்பார். 

போன வாரம் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும், இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம் என்கிற நிலைமை வந்தாலும் வரலாம், மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். மூச்சுப்பிடிக்கு மனசைத் தயார் பண்ணத் தெரியவில்லை. கேமராவைத் தயார் பண்ணினார். ஆஸ்பத்திரிப் பல் டாக்டர் புதிது வாங்கியதால் தள்ளிவிட்ட பழைய கேமரா அது. டாக்டரம்மா சொன்னதைப் பற்றி மட்டும் வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

"என்னங்க இது?"

"கேமரா."

"அது தெரியுது. யாரை எடுக்க?"

"உன்னைத்தான். ஜன்னலோரமா நிக்க வச்சு, வயித்து மேல கை வச்சு. இப்பல்லாம் எல்லாரும் எடுத்துக்கறாங்க."

"எல்லாரும் எடுத்துக்கட்டும். எனக்கு வேணாம்."

"ஏம்மா?"

"பதினெட்டு வருஷத்துல நீங்க எடுத்த படத்துல ஒருத்தராவது சிரிச்சிருக்காங்களா?"

மூச்சுப்பிடி உண்மையாகவே யோசித்தார். "தலைக்கு எடுத்ததுல எல்லாருமே சிரிச்சுட்டுதான் இருப்பாங்க."

"அந்தச் சிரிப்புதான் வேணாங்கறேன்," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் அசரவில்லை. கை பழகட்டும், அப்புறம் தானாக வழிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டார். முதல் இரண்டு நாள் ஒரு தலையணையை நாற்காலியில் கட்டி வைத்து எடுத்தார். தலையணை சொன்னபடி கேட்டது, அசையவில்லை, ஆனால் அதன் முகத்தில் தாய்மை வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டார். இருபது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே அவருடைய வயிறு உள்ளே வந்துவிட்டது.

"அண்ணே, ஜன்னலைப் பாருங்க. ஒரு கை மேல, ஒரு கை கீழ. உள்ளே குழந்தை இருக்குன்னு நினைச்சுக்கோங்க."

"இது ஸ்டியரிங் இடிச்சு இடிச்சு வீங்கினது தம்பி. எப்படி நினைக்கறது?"

"சும்மா நினைங்கண்ணே. மூச்சை இழுங்க. பிடிங்க."

டிரைவர் இழுத்தார். அவ்வளவு பெரிய வயிறு போன இடம் தெரியவில்லை.

"எங்கண்ணே போச்சு?"

"போட்டோன்னா உள்ளே இழுத்தே பழகிட்டேன்."

"வெளியே தள்ளுங்கண்ணே. நமக்கு வேண்டியதே அதுதான்."

"தள்ளினா பொத்தான் போயிடும் தம்பி."

தள்ளினார், போய்விட்டது. மூச்சுப்பிடி அதைத் தேடவில்லை. கேமராவில் பன்னிரண்டு திருகு இருந்தது, ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே என்றால் ஒரு நொடி வேலை. இங்கே ஐந்தாவது திருகுக்கு வருவதற்குள் "விடுங்க" என்று சொல்ல வேண்டியது மறந்தே போயிற்று. டிரைவர் சொன்ன சொல் தட்டாதவர். சிவந்து, கறுத்து, கடைசியில் சோபாவில் சாய்ந்தார். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "என்ன குழந்தை?" என்று கேட்டார்.

"இப்படி நிக்கணும்ணே, பாருங்க," என்று மூச்சுப்பிடியே ஜன்னலோரம் போனார். சட்டையை இறுக்கிப் பிடித்து, இருக்கிற வயிற்றை முன்னால் தள்ளி, அதைக் குனிந்து பாசத்தோடு பார்த்தார். "தாய்மை தெரியணும். தாய்மை."

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள். "அந்தக் கேமராவை நான் கொஞ்சம் பிடிச்சுக்கட்டுமா? கீழே விழுந்துடப்போகுது."

"பிடி பிடி. ஜாக்கிரதை," என்றார் அவர், வயிற்றிலிருந்து கண் எடுக்காமல்.

கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தை அவர் ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அந்தப் புதன்கிழமை மேஜை மறுபடி ஆடியது. அவர் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளாகவே வந்தாள். "சரி, எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. எடுத்ததைக் குழந்தை பொறக்கறவரைக்கும் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ஏன்?"

"மாசமா இருக்கறவ கேட்டா ஏன்னு கேக்கக் கூடாது."

மூச்சுப்பிடிக்கு உள்ளூர ஒரே குஷி. எப்படி மடக்கினேன் பார் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். "சத்தியம். பொறந்தப்புறம் நம்ம எக்ஸ்ரே ரூமுல அந்தப் பெரிய திரையில போட்டுப் பாத்துக்கறேன். எந்தப் படமும் அதுல பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

"தெரியுமே," என்றாள் அவள்.

அன்றிலிருந்து இரண்டு வாரம், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜன்னலில் மஞ்சள் வெயில் விழுந்ததும் படப்பிடிப்பு. அவள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நின்றாள். திரும்பச் சொன்னால் திரும்பினாள், குனியச் சொன்னால் குனிந்தாள். ஒவ்வொரு தடவை அழுத்தியதும் படம் இரண்டு நொடி கேமராவின் முதுகுத் திரையில் வந்து போகும். மூலையில் சிவப்பாக ஏதோ மினுக்கும். எக்ஸ்ரே அறையில் சிவப்பு எரிந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வார்.

ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக அவளைத் தினமும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. நேரில் பார்க்கும்போது தெரியாதது அதில் தெரிந்தது. முகம் ஊதியிருந்தது. விரல்கள் தடித்து மோதிரம் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. உள்ளே இருப்பதைப் பார்த்துப் பயப்படாத மனிதர் வெளியே இருப்பதைப் பார்த்துப் பயந்தார். படம் எடுத்து முடித்ததும் தினமும் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். கேமரா அவள் பக்கத்தில் மேஜைமேல் இருக்கும்.

திங்கட்கிழமை காலை அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்துவிட்டு இனி ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாது என்றார். தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சுப்பிடி கழுத்தில் கேமராவோடு கூடவே வந்தார். அவள் கைக்குள் மூடி வைத்திருந்த மாத்திரை டப்பாவை அவரிடம் நீட்டினாள்.

"என்ன மாத்திரை?"

"மாத்திரை இல்ல. கேமராவுல போடற கார்டு."

"கேமராவுல ஒண்ணு இருக்கே."

"இல்ல. நீங்க என்னை எடுக்கறதுக்கு முன்னால தினம் கழட்டி வச்சுடுவேன். கார்டு இல்லேன்னாலும் அது டிக்குனு அடிக்கும், ரெண்டு நொடி படம் காட்டும், அப்புறம் மறந்துடும். நாப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கு. சிவப்பா மினுக்குச்சே, அது கார்டு இல்ல, கார்டு இல்லன்னு கத்தினது."

"அப்ப ரெண்டு வாரமா நான் எடுத்தது?"

"காத்து."

மூச்சுப்பிடி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே? உனக்குத் தெரியாது, டாக்டரம்மா என்கிட்ட..."

"என்கிட்டதான் முதல்ல சொன்னாங்க. அவரு தாங்க மாட்டாரு, பதமா சொல்லுங்கன்னு நான்தான் அவங்களை உங்ககிட்ட அனுப்பினேன்."

இத்தனை நாள் தான் ஒருவனாகச் சுமந்த ரகசியம், அவள் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தது என்று தெரிந்தபோது அவருக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

"வெறும் வெள்ளைத் தாளையே ஒரு வருஷம் பாத்தவரு நீங்க," என்றாள் அவள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் மூஞ்சியைக் கையில குடுத்தா அதோடவே குடித்தனம் பண்ணுவீங்க. புள்ளை பக்கத்துல அழுதுட்டுக் கிடக்கும். அதான் வேணாம்னேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னா படம் எதுக்குங்க?"

 வண்டி நகர ஆரம்பித்தது. எவ்வளவோ சொல்ல நினைத்தார். பதினெட்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோம்மா."

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க கம்பியை விடுங்க."

கதவு மூடியது.

அரை மணி நேரம் அந்தக் கதவையே பார்த்தார். பிறகு கீழே எக்ஸ்ரே அறைக்குப் போனார். சத்தியத்தைப் பற்றி இப்போது யார் கேட்கப்போகிறார்கள் என்று கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார். விலா எலும்புகளும் உடைந்த முட்டிகளும் வந்துபோகிற பெரிய திரையில் அவரே வந்தார்.

ஜன்னலோரம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு தாய்மையோடு குனிந்து பார்க்கும் அவர். ஒத்திகைக்கு மறுபடி கட்டிய தலையணைக்கு முன்னால் மண்டியிட்டு அதன் கன்னத்தைச் சரிசெய்யும் அவர். வாய் பிளந்து மத்தியானத் தூக்கம் போடும் அவர். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு வெள்ளைத் தாளை வெளிச்சத்தில் பிடித்திருக்கும் அவருடைய முதுகு. கடைசிப் படம் மேலிருந்து எடுத்தது. அவருடைய வழுக்கை, அவர் மடியில் வீங்கிய ஒரு பாதம். எண்பத்துமூன்று படங்களில் அவள் இருந்தது அந்த ஒன்றில்தான், அதுவும் கணுக்கால் வரைக்கும்.

தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தைக்குப் பார்த்துச் சிரிக்க அப்பாவின் முகமாவது இருக்கட்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அது புரிந்ததும் மூச்சுப்பிடி மேஜைமேல் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதார். வெளியே இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடினார்.

தியேட்டர் வாசலில் ஒருவர் ரத்தப் பையோடு உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் இன்னொருவர் இன்னொரு பையோடு. யாரும் இவரைப் பார்க்கவில்லை, தெரிந்தவர்கள் பார்க்காமல் போவது எதற்கென்று ஆஸ்பத்திரியில் வேலை செய்பவருக்குத் தெரியும். படம் வேண்டாம், அந்தப் பாழாய்ப்போன கன்னமும் வேண்டாம், அவள் நடந்து வந்தால் போதும் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி ஆயிற்று. இரண்டாயிற்று. வெயில் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அவர் கால்வரைக்கும் வந்துவிட்டது.

கதவு திறந்தது. நர்ஸ் முகக்கவசத்தை இறக்கினார்.

"பொண்ணுண்ணே."

"அவ?"

"ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. ஒரு சமயம் எங்களுக்கே நம்பிக்கை இல்ல. இப்ப கண்ணைத் திறந்துட்டாங்க."

மூச்சுப்பிடி அப்போதுதான் மூச்சை விட்டார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்தது. "ஏதாவது பேசினாளா?"

"பேசினாங்க. புள்ளையையும் அவங்களையும் சேர்த்து நீங்க ஒரு படம் எடுத்துக்கலாமாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். நர்ஸ் குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்கண்ணே. அதுக்கு முன்னால எக்ஸ்ரே ரூமுக்குப் போய், பெரிய திரையில விட்டுட்டு வந்த கார்டை எடுத்துட்டு வரச் சொன்னாங்க."