நாலு பத்துக்கு நிழல் போன இடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு என் மானம் கிழக்கே நகர ஆரம்பித்தது. இன்றும் கடிகாரத்தில் அந்த நேரத்தைப் பார்த்தால் எனக்கு வியர்க்கிறது.

அன்று என் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அவள் தலையில் பூ வைத்தாக வேண்டும். ஒத்தக்கடையில் நாங்கள் கட்டிய வீட்டின் ஹாலைப் பலகார மேசைகள் அடைத்துக்கொண்டதால், விசேஷம் பின்பக்கக் காலியிடத்தில் என்று முடிவானது.

"சாமியானாவுக்குச் சொல்லிருவோம். நாலு பக்கமும் மறைச்சுக் கட்டிட்டுப் போயிருவாங்க" என்றார் என் கணவர்.

நான் சம்மதிக்கவில்லை. (போட்டோவில் பார்த்தால் அது விசேஷ வீடா, இழவு வீடா என்று தெரியாது.) தகரக் கொட்டகை அனலடிக்கும். தென்னங்கீற்றில் ஏதாவது ஊர்ந்து வரும். பெரிய குடை காற்றில் பறக்கும். மூன்று வாரம் செல்போனில் வீடியோ பார்த்து, கம்பங்களில் விறைப்பாக இழுத்துக் கட்டும் நிழல் துணி ஒன்றை வரவழைத்தேன். சந்தன நிறம், பத்தடி உயரம். கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டினோம். முந்தின ஞாயிறு உச்சிவேளையில் அதன் கீழே நின்று சோதித்தேன். நிழல் பிசகாமல் காலடியில் விழுந்தது. அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குள் நாற்காலி போடச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு மொக்கச்சாமி அண்ணன் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "டீச்சரம்மா, சாயந்தரத்துல..." என்று ஆரம்பித்தார். அவர் மாட்டுத் தொழுவத்து வாடையைப் பற்றி நடந்த சண்டையில், இரண்டு மாதமாக நான் அவரோடு பேசுவதில்லை. காதில் விழாதவள் போல உள்ளே போய்விட்டேன்.

(நான் இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் ஆசிரியை. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை.)

பதினைந்து பேர் என்றவர்கள் முப்பது பேராக வந்து கோட்டுக்குள் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். மேற்கு வெயில் துணிக்கு அடியில் புகுந்து எல்லார் முகத்திலும் அடித்தது. முந்தானைகள் தலைக்கு ஏறின.

"நெழலு எங்கம்மா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

தேடினேன். சுவருக்கு அந்தப் பக்கம், மொக்கச்சாமி அண்ணன் முற்றத்தில், மடிப்புக் கலையாமல் விரிந்திருந்தது. நடுவில் அவருடைய பசு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

நாலு இருபதுக்கு மாப்பிள்ளையின் அத்தைக்குத் தலை சுற்றியது. "இன்னொரு நாளு பாத்துக்குவமா?" என்றது ஒரு குரல். பூ வைக்கிற அன்று அப்படி ஒரு சொல் விழுந்தால், கல்யாணம் அதைத் தாண்டி வருவது கஷ்டம். ஜன்னல் வழியே மகள் என்னைப் பார்த்தாள். அழவில்லை; பார்த்தாள்.

சுவரருகே போய், "அண்ணே" என்றேன்.

"மாட்ட அவுத்துக் கட்டியாச்சு. சாணிய அள்ளித் தண்ணி தெளிச்சாச்சு. கூட்டியாங்க டீச்சரம்மா" என்றார் அவர். "அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் விருட்டுனு உள்ள போயிட்டீக."

முப்பது பேரும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஊர்வலம் போனார்கள். நாலு இருபத்தெட்டுக்கு, இத்தனை நாளும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன தொழுவத்தின் முன்னால், என் மகள் தலையில் பூ ஏறியது.

மறந்து விட்டுப்போன குங்குமச் சிமிழை எடுக்கத் திரும்பி வந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமன் பஸ் தவறி, தாமதமாக வந்து சேர்ந்தார். வெறும் சாக்பீஸ் கோடு, மேலே துணி, கீழே வெயிலில் நான். சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பந்தலு இங்கன, நெழலு அங்கனயா? கல்யாணத்துக்காச்சும் ரெண்டையும் ஒரே எடத்துல போடுங்க, சம்பந்தியம்மா."