அரை நாள் பயிற்சியும் ஒரு கணுக்காலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால். கீழக்குயில்குடி மலைப்படியில் என் மகள் யாழினியின் வலது கால் பிசகியது. அடுத்த வாரம் அவளுக்கு மாவட்ட ஓட்டப் போட்டி. "பந்தயம் முடியுற வரைக்கும் மலை கிலைன்னு இழுத்துட்டுப் போயிராதீங்க" என்று என் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். (அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கிளம்பினோம். தப்புதான்.)

ஆனால் நான் பதறவில்லை. அலுவலகத்தில் அரை நாள் முதலுதவிப் பயிற்சி பெற்று, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவன் பதறலாமா?

"சுளுக்குதான். ஐஸ் வைக்கணும்!"

"இங்க ஏதுப்பா ஐஸ்?"

கைத்தாங்கலாகக் கீழே இறக்கினேன். ஆலமரத்தடியில் குச்சி ஐஸ் வண்டி நின்றது.

"பால் ஐஸ் இருக்காண்ணே?"

"தீந்துபோச்சுண்ணே. திராட்சைதான் கெடக்கு."

"ஆறு குடுங்க."

"பாப்பா அம்புட்டும் திங்குமா?"

"திங்க இல்லண்ணே, கட்ட."

அவர் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம். ஆறையும் என் கறுப்புத் துண்டில் பொதிந்து கணுக்காலில் கட்டினேன். கால் மணி நேரம் கழித்து அவிழ்த்தால், கணுக்கால் முழுக்கக் கருநீலம்!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "ரத்தம் கட்டிருச்சேப்பா. எலும்பு போயிருக்கும்."

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. மரத்துப்போச்சு."

மரத்துப்போச்சா! ஆம்புலன்சுக்கு போன் போட்டு, "நீலம் பரவிக்கிட்டே இருக்கு சார்!" என்று அலறினேன். (துண்டை அதன்மேல் பிழிந்துகொண்டிருந்தது நான்தான்.) அடுத்து, இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டி மனைவிக்கும் போட்டேன்.

ஆம்புலன்சில் வந்த பெண் ஈரப் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்தார். நீலம் பஞ்சோடு போய்விட்டது. முகர்ந்து பார்த்தார்.

"சார், இது திராட்சை."

"நான் அப்பவே சொன்னேன்லண்ணே, திராட்சைதான்னு!" என்றார் ஐஸ்காரர்.

லேசான சுளுக்கு; எதற்கும் டாக்டரிடம் காட்டிவிட்டு, நாலைந்து நாள் ஓடாமல் இருக்கச் சொன்னார் ஆம்புலன்ஸ் பெண். (யாழினி போட்டியில் ஓடினாள், நான்காவது இடம். முதல் மூன்றும் என்னால்தான் போயிற்று என்று இன்றும் பேச்சு. வீட்டில் யாருக்கு அடிபட்டாலும் முதல் கேள்வி, "என்ன ஃப்ளேவர்?")

கடைசியாக வந்தவள் என் மனைவி. ஸ்கூட்டரை நிறுத்தினாள். மகளின் காலைப் பார்த்தாள். கீழே கிடந்த ஆறு குச்சிகளைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் பெண்ணிடம் திரும்பினாள்.

"போயிராதீங்கம்மா. இவருக்குப் பிரஷர் பாருங்க. நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கல."