முந்நூற்றுப் பன்னிரண்டு பொய் மாப்பிள்ளைகள்

கம்பைநல்லூர்

அக்கா வழி மருமகன் மாதவராஜுக்கு, மாமன் சின்னராஜ் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நலமில்லை. நேற்று போனில் "அத அழிக்க மறந்துட்டேங்க மாமா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வெட்டிவிட்டாய். அதனால்தான் ஓசூருக்கு இந்தப் பதிவுத் தபால்.

என் திருமணத் தகவல் நிலையத்துக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்தாய், சரி. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதோ ஸ்கிரிப்டை ஓட்டினாயே, அது தானாகவே முந்நூற்றுப் பன்னிரண்டு பொய் மாப்பிள்ளைகளை உள்ளே எழுதிவைத்ததே, சோதனை முடிந்ததும் அவர்களைத் துடைத்தெறிய வேண்டாமா? சமைத்தவன் சட்டியைக் கழுவ வேண்டாமா? என் மகள் மேனகா பதினோரு வரன்களைத் தட்டிக் கழித்தவள். கம்ப்யூட்டர் காட்டிய பொம்மிடி மாதையனுக்கு மட்டும், போட்டோகூட இல்லாமல், ஜாதகத்தைப் பார்த்ததுமே சரியென்றாள். பத்துக்குப் பத்துப் பொருத்தம். அம்மன் கோயிலில் பூ வைத்துக் கேட்டோம். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், வெள்ளையே வந்தது. வெறும் ஒன்பதுகளாக இருந்த போன் நம்பர் மணியே அடிக்கவில்லை. பெரிய இடம், எடுக்கமாட்டார்கள் என்றாள் உன் அத்தை. இவனை நம்பி அரூர் வாத்தியார் வரனை வேண்டாமென்று சொல்லிவிட்டேன்!

ஒன்பது தட்டு, பதினைந்து சனம், வேன் பிடித்து மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். கதவு எண் 999 எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரர் சிரிக்கிறார்: "ஒங்களோட சேத்து இது நாலாவது வேனுங்க. அந்த நம்பர்ல வூடே கெடையாதுங்க." நாலு வேனும் என் நிலையம் அனுப்பியவை! பங்காளிங்க முன்னால மூஞ்சிய எங்கடா கொண்டுபோயி வச்சுக்கறது? ஒங்கத்த வேன்லயே அழுதா. "அம்மனே உத்தரவு குடுத்திருக்கா, பையன் எங்கியோ இருக்கான், நல்லாத் தேடுங்க"ங்கறா. இல்லாதவன எங்கடா தேடறது? எம்பொண்ணு வாழ்க்க ஒனக்கு வெளையாட்டா?

ஒருத்தன் விடாமல் அழி. அழிக்கும்வரை என் வூட்டு வாசப்படி மிதிக்காதே. ரங்கம்மாள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவள் பெற்ற உனக்கு ஆசி கிடையாது.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சலுடன்,
சின்னராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மேனகா தடுத்துவிட்டாள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே பிறந்த நாள், ஒரே நேரமாம். அது உன்னுடையதாம். அக்காவுக்குப் போன் போட்டேன், ஆமாம் என்கிறாள். "தெரிஞ்சுதாம்ப்பா சரின்னு சொன்னேன்" என்று மேனகா உள்ளே போய்விட்டாள். ஒருவனை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை அழி. வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர். மாட்டேன் என்றால் அதை என்னிடம் சொல்லாதே, நீயே போய் அம்மனிடம் சொல்லிக்கொள்.