‘ஆனாலும்’ சாரும் ஏரி நிறையக் கெண்டையும்

மனித குலத்தில் ‘இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு’ என்று ஓர் இனம் உண்டு. அரிய இனம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த அலுவலகத்திலும் ஒரு மேசையை, எந்தக் குடும்பத்திலும் ஒரு சாய்வு நாற்காலியை அது பிடித்துவைத்திருக்கும். சோம்பேறி இனமும் அல்ல. ஒரு வேலையைச் செய்யாமலிருக்க அது படுகிற பாட்டைப் பார்த்தால், இதற்குச் செய்தே தொலைத்திருக்கலாமே என்று நமக்குக் கண்ணில் நீர் முட்டும்.

அந்த இனத்தில் நான் கண்ட முழுமையான ஆள், ஓர் ஏரி ஆய்வு மையத்தின் தலைவர். அங்கே அறிக்கைகளைப் பிழை திருத்துவது என் பிழைப்பு. அவருடைய அறிக்கைகளில் பிழையே இருக்காது, முடிவும் இருக்காது. “மழை பெய்யுது சார்” என்று யாராவது சொன்னால், சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, “பெய்யுற மாதிரிதான் இருக்கு. ஆனாலும்…” என்று இழுப்பார். மையத்தில் அவருக்குப் பெயரே ‘ஆனாலும்’ சார்.

வீட்டிலும் மனிதர் மாறுவதில்லை. ஒருமுறை மையத்துக்கு வந்த அவர் மனைவி என்னிடம் பொரிந்து தள்ளினார்.

“சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன். கீழ கிண்ணத்த வச்சு எவ்வளவு ஒழுகுதுன்னு அளக்குறாரு. ஆளக் கூப்பிடுங்கன்னா, பகல்லயும் ராத்திரியும் ஒரே அளவாத்தான் ஒழுகுதான்னு தெரியணுமாம்!”

“அப்புறம்?”

“அப்புறமென்ன? நானே ஆளக் கூப்பிட்டு மாத்திட்டேன். அதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசல. பாதியில கெடுத்துட்டேனாம்.”

இப்படிப்பட்டவரின் பொறுப்பில்தான் அந்த ஏரி இருந்தது. ஊரே அதைத்தான் குடித்தது. ஒரு காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால்விரல்களை எண்ணலாம் என்பார்கள். எங்கிருந்தோ, யாரோ மீன் தொட்டியைக் கழுவிக் கொட்டியதில், அயல்நாட்டுக் கெண்டை உள்ளே வந்தது. வந்த மீன் சும்மா இருக்கவில்லை. அடிச்சேற்றை உறிஞ்சி, உள்ளே இருக்கும் புழுவைத் தின்று, சேற்றைத் துப்பி, வழியில் நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கி, பல்கிப் பெருகி, சில வருடங்களில் ஏரியைப் பால் குறைத்த தேநீராக்கிவிட்டது. உள்ளூர் மீன்கள் அருகிப்போயின. நீர்ப்பறவைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. மனிதர்களுக்கு வேறு இடம் இல்லை, வடிகட்டிக் குடித்தார்கள்.

கெண்டைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஏரியெங்கும் சிதறிக் கிடக்கிற கூட்டம் குளிர் மாதங்களில் ஒரே இடத்தில் வந்து முடங்கும். அந்த இடம் தெரிந்தால் ஒரே வலையில் அள்ளிவிடலாம். தெரிந்துகொள்ள ஒரு வழியும் இருந்தது. சில கெண்டைகளைப் பிடித்து, வயிற்றைக் கீறி, சுண்டுவிரல் அளவு ஒலிபரப்பியை வைத்துத் தைத்து, திரும்ப ஏரியில் விட்டுவிடுவது. அவை எங்கே போகின்றனவோ அங்கேதான் சொந்தபந்தமெல்லாம். மையத்தில் அவற்றுக்கு ‘ஒற்றன்’ என்று பெயர். ஒற்றர்களுக்குத் தையல் போட்டு அனுப்பி, படகில் சமிக்ஞை பிடிக்கும் வானலைக் கம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தவர் துணை ஆய்வாளர். துடுக்கான பெண். குளிரில் மூக்கு சிவந்து, குரல் கட்டி, ஒருநாள் ஓடிவந்தார்.

“சார், எல்லா ஒற்றனும் வடக்கு மூலையில இருக்கு. ஒண்ணு பாக்கியில்ல. வலைக்காரங்களக் கூப்பிட்டுரலாமா?”

தலைவர் மகிழ்ந்தார். உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் அன்றைக்கு எதுவும் நடக்காது.

“பிரமாதம்மா. ஆனாலும், ஒற்றன் மட்டும் தனியாப் போய் உக்காந்திருந்தா? ஒரு கேமராவ இறக்கிக் கூட்டத்தப் படம் எடுத்துரலாம்.”

இறக்கினார்கள். படத்தில் ஒரே பழுப்பு.

“ஒண்ணும் தெரியலையே. தண்ணி தெளியட்டும், அப்புறம் எடுப்போம்.”

“தண்ணியக் கலக்குறதே அதுங்கதான் சார். அதுங்க போனாத்தான் தெளியும்.”

“அது உன்னோட கருத்து.”

தண்ணீர் தெளியவில்லை. வெயில் ஏறியது. கூட்டம் கலைந்து, கரையோர நாணல்களுக்குள் புகுந்து, குடும்பம் குடும்பமாக முட்டையிட்டது. கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த வலைக்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தலைவர் ‘குளிர்காலக் கூடல்: சில முதற்கட்ட ஐயங்கள்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அருமையான கட்டுரை. ஒரு காற்புள்ளிகூட நான் மாற்றவில்லை.

அடுத்த குளிர் வந்தபோது விஷயம் முற்றியிருந்தது. குஞ்சுகள் பெருத்துவிட்டன. ஏரிக்கு மேலே ஓடை வழியாக இன்னொரு சின்ன ஏரி. அது மட்டும்தான் இன்னும் தெளிவாக இருந்தது. இந்தக் கூட்டம் இன்னொரு முறை முட்டையிட்டால் அங்கேயும் ஏறிவிடும் என்பது துணை ஆய்வாளரின் பயம். கூட்டம் மறுபடியும் வடக்கு மூலையில் கூடியது. வலைக்காரர்கள் கரையில் வந்து நின்றார்கள். தலைவர் எங்கே? வெளியூரில் மாநாடு. அவருடைய தலைப்பு ‘ஆக்கிரமிப்பு மீன்களை அகற்றுவதில் விரைவின் அவசியம்’. நல்ல கைதட்டல் என்று கேள்வி.

துணை ஆய்வாளர் கரையிலிருந்தே போன் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“சார், எல்லாம் கூடிருச்சு. வலை போடட்டுமா?”

“நான் வந்து பாத்துடறேன்மா. அதுவரைக்கும் அதுங்கள அங்கயே வச்சிரு.”

“நான் எங்க சார் வச்சிருக்கேன்? அதுங்களா இருக்கு. நாளைக்கு வெயிலடிச்சாக் கலைஞ்சிரும்.”

“அவசரப்படக் கூடாது. ஆனாலும்…”

“அப்ப வேண்டாம்ங்கிறீங்களா சார்?”

“நான் எப்பம்மா வேண்டாம்னு சொன்னேன்?”

துணை ஆய்வாளர் போனை வைத்தார். ஒரு நிமிடம் தண்ணீரையே பார்த்தார். வேலை போனாலும் போகலாம் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு வலைக்காரர்களின் பக்கம் திரும்பினார்.

“சார் வேண்டாம்னு சொல்லல.”

கரைவலை அரைவட்டமாக விரிந்தது. முதலில் ஒன்றுமே இல்லை. பழுப்பு நீர், கயிற்றின் முனகல். பிறகு வலை கனத்தது. கரை நெருங்க நெருங்கத் தண்ணீர் கொதிப்பதுபோல் எழும்பியது. குழந்தையைப் போலத் தூக்க வேண்டிய கெண்டைகள், இழுத்து மாளவில்லை. இடையில் அகப்பட்ட உள்ளூர் மீன்களைப் பொறுக்கித் திரும்ப விட்டார்கள். துணை ஆய்வாளர் முழங்கால் சேற்றில் நின்று சிரித்துக்கொண்டே அழுதார், அல்லது அழுதுகொண்டே சிரித்தார். இதை உறுதி செய்ய மேலும் ஆய்வு தேவை.

மறுநாள் தலைவர் நேராக ஏரிக்கே வந்தார். கரையில் மலைபோல் மீன். திட்டப்போகிறார் என்று எல்லோரும் ஒதுங்கினோம். அவர் திட்டவில்லை. மீன் குவியலைச் சுற்றி வந்து, ஒரு கெண்டையின் முதுகை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“வல போட்டு உள்ள ஒண்ணுமே இல்லேன்னா என்னம்மா பண்ணியிருப்ப?”

“ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிருக்கும் சார்.”

“எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே.”

“சிரிச்சிருப்பாங்க. கால் கழுவிட்டு வேற மூலையில போட்டிருப்போம்.”

இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் எனக்கு விளங்கியது: அந்த மனிதருக்குச் சந்தேகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பயம்தான் இருந்தது. அதற்கு நல்ல சட்டை மாட்டி, கையில் பேனா கொடுத்து, ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தார். அதற்காகத் துணை ஆய்வாளர் மீது நடவடிக்கை எடுக்காமல் விட்டாரா? எடுப்பதாகத்தான் இருந்தார், எந்த நடவடிக்கை என்று கடைசிவரை அவரால் முடிவுசெய்ய முடியவில்லை.

அந்த வெயில் காலத்தில் ஏரி தெளிய ஆரம்பித்தது. நீர்ச்செடிகள் மறுபடி முளைத்தன. ஊரே வந்து பார்த்தது. மேல் ஏரிக்குக் கெண்டை ஏறவில்லை. தலைவரும் ஒரு மாலையில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தன் கால்களை வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியுதா சார்?” என்று துணை ஆய்வாளர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

“தெரியுது,” என்றார். நாங்கள் காத்திருந்தோம். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு எவ்வளவோ முயன்றார். “ஆனாலும், இது என் கால்தானான்னு…”

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தேதியை அரசாங்கமே முடிவுசெய்ததால் அது நடந்தது. துணை ஆய்வாளரை வேறொரு கலங்கிய ஏரி அழைத்துக்கொண்டது.

இதையெல்லாம் படித்து, ‘சே, இப்படியும் ஓர் ஆளா!’ என்று உடனே சொன்னவர்களுக்கு ஆபத்தில்லை; அவர்கள் போகலாம். ‘இருந்தாலும் அவர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே, இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று யாராவது நினைத்தீர்களா? மையத்தில் அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போதோ முடிந்துவிட்டது. உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது.