கிளட்சுக்கு ஒருத்தி, கியருக்கு ஒருத்தர்

"மண்வெட்டிப் பிடியால கிளட்சை அழுத்தலாம்னு எந்த டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டாள் வெர்னா.

கேள்வி அவள் கணவர் ஆர்விட்டுக்கு. முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இடது கால் மடங்காமல் கட்டோடு நீட்டிக்கொண்டிருந்தது. சரி, கையால் அழுத்திப் பார்ப்போம் என்று இறங்கியவருக்குப் பிடி வழுக்கிவிட்டது. பழைய டீசல் பிக்கப் ஒரு துள்ளு துள்ளி, கோழிக்கூண்டுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை கணவாய்க்கு அந்தப் பக்கம் மாட்டுச் சந்தை. கன்றுகளை அன்று விற்காவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தீனி போட வேண்டும். மழை பொய்த்த அந்த வருஷம் மொன்டானாவில் எவன் கொட்டகையிலும் வைக்கோல் இல்லை.

"ஆட்டோமேட்டிக் ஒண்ணு வாங்கித் தொலையேன்."

"அது வண்டியா? சோபாவுக்குச் சக்கரம் மாட்டின மாதிரி."

ஆனாலும் ஷோரூமுக்குப் போனார்.

"கியர் போடுற டீசல் பிக்கப் இருக்கா?" என்று கேட்டார்.

விற்பனையாளன் பிரைசன் துக்கம் விசாரிப்பவன் போல் குரலைத் தாழ்த்தினான். "அதையெல்லாம் செய்யறதையே நிறுத்திட்டாங்க சார். யாரும் கேக்கறதில்ல."

"நான் கேக்கறேனே."

"நீங்க மட்டும்தான் சார் கேக்கறீங்க."

வேறு வழியில்லாமல் ஆட்டோமேட்டிக்கை ஓட்டிப் பார்த்தார். தெரு முனை தாண்டுவதற்குள் கட்டுப் போட்ட கால், பழக்கதோஷத்தில், இல்லாத கிளட்சைத் தேடிப் பாய்ந்தது. அகப்பட்டது பிரேக். பிரைசனின் கையிலிருந்த காப்பி பிரைசனின் சட்டைக்கு இடம் மாறியது. ஆர்விட் வலியில் கூவியதைக் கேட்டு எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

அன்று மாலை வெர்னாவே ஒரு வழி சொன்னாள். "நான் டிரைவர் சீட்ல உக்கார்றேன். ஸ்டியரிங்கும் காலு வேலையும் எனக்கு. நீ ஒட்டி உக்காந்து கியரைப் போடு."

கல்யாணமான நாள் முதல் அவள் தன் சின்ன ஆட்டோமேட்டிக் காரைத் தவிர வேறு எதையும் ஓட்டி ஆர்விட் பார்த்ததில்லை.

"கிளட்சுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"சொல்லிக் குடு," என்றாள்.

சொல்லிக் கொடுத்தார். "அழுத்து. இன்னும். இப்ப விடு. மெதுவா." அமெரிக்க வண்டியில் டிரைவர் இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் போடுவார்; இப்போது வலப்பக்கம் உட்கார்ந்த ஆர்விட்டுக்குக் கியர்க்கம்பியை இடது கையால் பிடிப்பது புதிது. தேவாலயத்துக்கு எதிரே முதல் கியர் என்று நினைத்து ரிவர்ஸைப் போட்டுவிட்டார். வண்டி பின்னால் பாய்ந்து, 'அனைவரும் வருக' என்ற பலகையைச் சாய்த்தது.

"நீ சீக்கிரம் விட்டுட்ட," என்றார் ஆர்விட்.

"சரி," என்றாள் வெர்னா.

நடுத்தெருவில் இப்படிக் கத்திக்கொண்டிருப்பது நன்றாயில்லை என்று ஆர்விட் ஒரு சைகை ஏற்பாடு செய்தார். அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் கிளட்சை அழுத்த வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும். இது இன்னும் மோசமாகப் போயிற்று. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கிழவர் மனைவியின் தொடையைத் தட்டிக்கொண்டே போவதை ஊரே பார்த்தது. பாதிரியாரின் மனைவி போன் செய்தாள்.

"உங்களைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் எனக்குப் பூ வாங்கிட்டு வந்தாருடி. பலகை போனாப் போகுது."

சனிக்கிழமை வந்தது. பின்னால் டிரெய்லர் நிறையக் கன்றுகள். கணவாயின் உச்சியில் புதுப்பனி. அதற்கப்புறம் ஏழு மைல் செங்குத்தான இறக்கம். பிரேக்கை நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். கியரைக் குறைத்துக் குறைத்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும்.

தட்டுவதற்காக ஆர்விட் கையைத் தூக்கினார். அதற்குள் கிளட்ச் இறங்கியிருந்தது.

எஞ்சினின் குரல் மாறும் அதே நொடியில் அவள் கால் போனது. ஆக்ஸிலரேட்டரை இம்மியளவு தொட்டாள். கியர் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அடுத்த வளைவிலும் அப்படியே. கன்றுகளில் ஒன்றுகூடக் கால் தடுமாறவில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் வெள்ளையாக விரிந்து கிடந்தது. ஆர்விட் அதைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அந்த இறக்கத்தில் இவ்வளவு அழகாக இறங்கியதில்லை.

"நாலே நாள்ல எப்படி இவ்வளவு கத்துக்கிட்ட?"

"வாத்தியார் அப்படி," என்றாள் வெர்னா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சந்தை வாசலில் எடை போடுகிற மெர்ல் நின்றிருந்தான். வெர்னா பிறந்த ஊர்க்காரன். ஜன்னல் வழியே உள்ளே எட்டி, கியர்க்கம்பியின் மேல் இருந்த ஆர்விட்டின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏம்ப்பா ஆர்விட், எங்கப்பாவோட கோதுமை லாரிய அந்தக் காலத்துல ஒத்தையா ஓட்டினவ இவ. கிளட்சையே தொடாம கியர் மாத்துவா. இவளுக்கு எதுக்குப்பா நீ?"