கஞ்சாக் கம்பெனிக்கு நான் நீட்டிய கடதாசி

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற கஷ்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே மண் சரிந்து கோயில் படிக்கட்டு புதைந்து போன மழைக்கு முந்தின மாதம் அது. புதன்கிழமை. (புதன்கிழமைதான். அன்றைக்குத் தெல்தோட்டை பஸ்ஸில் ஒரு அம்மா கோழியோடு ஏறினார். கோழிக்கு டிக்கெட் வேண்டுமா வேண்டாமா என்று கொண்டக்டரோடு நடந்த சண்டை கண்டி வரும்வரை முடியவில்லை.) அந்த பஸ்ஸில்தான் நானும் என் மகள் சரோஜாவும் போனோம். போகும்போது அவளுக்கு ஒரு வேலை இருந்தது. திரும்பும்போது இல்லை. நடுவில் நடந்ததற்கு நான் ஒருவனே காரணம்.

வேலை என்றால் கஞ்சாத் தோட்டத்தில். சிரிக்காதீர்கள். அரசாங்க அனுமதியோடு, வேலி போட்டு, கமரா வைத்து, வெளிநாட்டுக்கு மருந்துக்காக வளர்த்து அனுப்பப் போகிற கம்பெனி. சரோஜா பதினெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். புருஷன் இல்லை. அட்டைக் கடியும் முதுகு வலியும்தான் அவள் கண்ட மிச்சம். இங்கே மாதச் சம்பளம், கூரைக்குக் கீழே வேலை, உட்கார ஒரு கதிரை. பெயர் பட்டியலில் வந்துவிட்டது. கடதாசிகளைக் காட்டிக் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"நீங்க வரவேணாம்ப்பா. நான் தனியா போய்ட்டு வந்துர்றேன்" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

நான் போனதற்குக் காரணம் என் அக்கா மகன் குமார். அமெரிக்காவில் இருக்கிறான். போனில் முகம் பார்த்துப் பேசுவான். எனக்கு அவன் நெற்றி மட்டும்தான் தெரியும். கஞ்சாக் கம்பெனி என்றதும் அந்த நெற்றி சுருங்கியது.

"மாமா, இங்க சில ஊர்ல சட்டத்த மாத்துனப்ப, முந்தி கஞ்சா கேசுல உள்ள போனவங்களுக்குத்தான் லைசன்ஸ்ல முதல் இடம் குடுத்தாங்க. கஷ்டப்பட்டது அவங்க. இப்ப லாபம் வர்றப்ப பணக்காரன் மட்டும் சாப்பிடலாமா?"

என் நெஞ்சு நிமிர்ந்தது. ஏனென்றால் நான் உள்ளே போனவன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு, லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் நாலு செடி. மாட்டுக்கு வயிற்றுப்போக்கு, மருந்துக்காக வைத்தேன் என்று நீதவானிடம் சொன்னேன். "மாடு எங்கே?" என்று கேட்டார். மாடு இல்லை. ஆறு மாதம் மறியல், அதாவது சிறை. அந்த ஆறு மாதத்துக்கு இப்போதுதான் ஒரு மதிப்பு வந்திருக்கிறது என்று நினைத்தேன். (குமார் சொன்னது அமெரிக்காவில் சில ஊர். எனக்குக் கேட்டதெல்லாம் "முதல் இடம்" மட்டும்தான்.)

எங்கள் ஆட்கள் கடதாசியை வீசுவதில்லை. ஒரே ஒரு பிறப்புக் கடதாசி இல்லாததால் என் அப்பா சாகும்வரை எந்த நாட்டுக்காரராகவும் இல்லை. அதனால் தடுப்பூசித் துண்டிலிருந்து எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி வைப்போம். கவுண்டரில் ஒன்று கேட்டால் பத்தைக் காட்டுவோம். கோர்ட்டுக் கடதாசியும் அந்தப் பையில்தான் இருந்தது. இங்கிலீசு எனக்கு வாசிக்க வராது. மூலையில் கரையான் தின்ற ஓட்டையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபம். கம்பெனி மேசையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். சரோஜாவின் ஐடென்டி காட், பொலிஸ் ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு அக்கா. வீட்டில ஒருத்தருக்கும் போதைப்பொருள் வழக்கு இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். இதில கையெழுத்துப் போடுங்கோ."

"ஆமாங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டே சரோஜா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

புத்தியுள்ளவன் காலை இழுத்துக்கொண்டு வாயை மூடியிருப்பான். நானோ, இவ்வளவு பெரிய தகுதியைப் பிள்ளை எழுத மறந்துவிட்டாளே என்று பதறினேன்.

"புள்ள மறந்துட்டா மிஸ்! இருக்குங்க! நம்மகிட்ட வழக்கு இருக்குங்க!"

கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல இரண்டு கையாலும் கடதாசியை நீட்டினேன். அந்தப் பிள்ளை வாசித்தாள். முகம் வெளுத்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, இதை உள்ள வையுங்கோ. நான் காணேல்லை."

தெய்வம் மாதிரிப் பிள்ளை. அப்போதாவது அடங்கினேனா?

"நல்லாப் பாருங்க மிஸ், சீல் இருக்கு!" என்று கத்தினேன்.

பக்கத்து மேசையில் இருந்த கோட்டுப் போட்ட மேலதிகாரி சேர் திரும்பினார். "என்ன அது?"

"அனுபவம் சேர்! கஞ்சா வளத்து ஆறு மாசம் மறியல்ல இருந்திருக்கேன். அமெரிக்காவுல எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் முதல் இடம்."

சேர் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். அவள் பேனாவை எடுத்து, முடிந்த அளவு மெதுவாக, சரோஜாவின் பெயரை வெட்டினாள்.

"வீட்டில ஆருக்கும் வழக்கு இருந்தா எடுக்கேலாது ஐயா. அங்கத்தைய மாதிரி இங்க ஒண்டும் இல்லை."

"அப்ப இந்தச் செடியால நல்லா இருக்கப் போறது யாரு மிஸ்?"

"காசு போட்ட ஆக்கள், ஐயா."

திரும்பும் பஸ் கலஹா ஊரைத் தாண்டியது. சரோஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க உள்ள இருந்த ஆறு மாசமும், அப்பா கொழும்புல வேலைன்னுதான் ஸ்கூல்ல சொன்னேன். ஒரு நாளும் யார்கிட்டயும் காட்டிக் குடுக்கல. நீங்களே போய்ச் சொல்லிட்டீங்களேப்பா."

மறுநாள் விடிய அவள் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினாள். இன்றும் ஏறுகிறாள்.

இப்போது எங்கள் லயத்தில் யார் இன்டர்வியூவுக்குக் கிளம்பினாலும், "பெரியசாமி மாமாவ உள்ள வச்சுப் பூட்டியாச்சா?" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தாமல் அனுப்புவதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். சரோஜாவும் சிரிப்பாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடி அவள் சிரிப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

உங்களில் யாராவது அந்தச் சட்டம் எழுதுகிறவர்கள் பக்கம் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எனக்கு லைசன்சும் வேண்டாம், முதல் இடமும் வேண்டாம். சரோஜா என்று ஒருத்தி இருக்கிறாள், வேலையில் கெட்டிக்காரி, அவள் பெயரை மட்டும் திரும்ப எழுதச் சொல்லுங்கள். அப்பா எங்கே என்று கேட்டால் செத்துவிட்டார் என்று சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.