வழியனுப்பிய பிறகும் வந்தவர்

உலகத்தில் விடைபெறுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. விடைபெறுவதுதான் இவர்கள் தொழில், போவது அல்ல. மாலை வாங்கிக்கொள்வார்கள், கண் கலங்குவார்கள், இனி இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று தழுதழுப்பார்கள், பிறகு அந்த வழியின் நட்டநடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பஜனை மடத்துப் பொக்கிஷதார், பஞ்சாயத்து போர்டு அங்கத்தினர், நரைத்த மீசையை மழித்துவிட்டு வருஷா வருஷம் அபிமன்யு வேஷம் கட்டுகிறவர் என்று எந்த ஊரிலும் நீங்கள் இவர்களைப் பார்த்திருக்கலாம். இவர்களில் பெரும்பாலோர் விடைபெற்ற பிறகு முன்னைவிட மோசமாவார்கள். அதை ஊர் தாங்கிக்கொள்ளும். ஆவடியில் ஒருவர் விடைபெற்ற பிறகு மேதையாகிவிட்டார். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

அது யுத்த காலம். வெள்ளானூர் லோகநாதன் ஆவடி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. வாரமெல்லாம் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடி யூனியன் கிளப்புக்கு ஹாக்கி ஆடுவார். கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற பேக் ஆட்டக்காரர். இருபத்து மூன்று வயதில் அந்த இடத்தில் நின்றவர் முப்பத்தெட்டு வயதிலும் அங்கேதான் நின்றார். பந்து மட்டும் நிற்கவில்லை. அது அவரைத் தாண்டிப் போகும், இவர் துரத்துவார், மூச்சு வாங்கும், கோல் விழும், உடனே இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைத் தடுக்கிவிட்ட பள்ளம் எங்கே என்று தரையில் தேடுவார். மோசமான ஆட்டக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. நல்ல ஆட்டக்காரர் என்றும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஆட்டத்தைப் பற்றி யாரும் எதுவுமே சொன்னதில்லை. அது அவர் மனசுக்குள் எவ்வளவு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அந்த இடத்துக்கு வேம்புலி என்கிற வாலிபன் காத்திருந்தான். ராணுவ டிப்போவில் மூட்டை தூக்குகிறவன். நன்றாக ஓடுவான், நன்றாக மறிப்பான். ஞாயிறுதோறும் அரை நிக்கர் போட்டுக்கொண்டு வந்து, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவான். கிளப் காரியதரிசி ராஜசேகரன், அரிசி மில் முதலாளி, நியாயம் தெரிந்தவர்தான். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே "போதும்" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வாய் வராத இடத்தில் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? விழா எடுப்பார்கள்.

மில் களத்தில் பந்தல் போட்டார்கள். ராஜசேகரன் எழுந்தார். ஒரு மனிதரை வெளியே அனுப்புகிற சந்தோஷத்தில் அவருக்குத் தமிழ் ஆறாகப் பெருகியது. லோகநாதன் மெதுவாக ஓடுகிறவர் என்று சொல்ல முடியுமா? "அவர் பந்தைத் தேடிப் போகமாட்டார், பந்து அவரைத் தேடி வரும்" என்றார். எதிராளி எந்தப் பக்கம் போவான் என்பதை அவன் கண்ணைப் பார்த்தே படித்துவிடுவார் என்றார். அவர் இல்லாத கோல், கதவில்லாத வீடு என்றார். கூட்டம் கை தட்டியது. லோகநாதன் முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று. பின்னால் சுவர்தான் இருந்தது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கியதும் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து அந்தப் பிரசங்கம் முழுவதையும் மனைவி தாட்சாயிணியிடம் ஒப்பித்தார். அவள் சோறு போட்டுக்கொண்டே, இத்தனை காலம் இதை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டாள். தனக்கும் அதுதான் புரியவில்லை என்றார். மறுநாள் அவள் அந்த ஹாக்கி மட்டையால் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது, அதைக் கையிலிருந்து வாங்கித் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முதல் ஆளாக நின்றது யார்? ராஜசேகரன் கிட்டே போனார்.

"இன்னா லோகு, போன வாரந்தான உன்ன அனுப்பி வச்சோம்?"

"நீ அவ்ளோ பேசினப்புறம் நா எப்டி நைனா போறது?" என்றார் லோகநாதன். "இத்தினி நாளு எனக்கே தெரியாம பூட்ச்சி."

பிரசங்கம் பொய் என்று சொல்ல ராஜசேகரனால் முடியுமா? வேம்புலி எலுமிச்சம்பழம் நறுக்க உட்கார்ந்தான்.

ஆட்டம் தொடங்கியது. லோகநாதன் பிரசங்கத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். அதுவரை பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடியவர், இப்போது ஓடாமல் நின்று, வருகிறவன் கண்ணைப் பார்த்தார். அவனோ போகப்போகிற பக்கம் ஒரு தடவை பார்வையை ஓட்டினான். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்பதைப் பதினைந்து வருஷம் கழித்து லோகநாதன் அன்றைக்குக் கண்டுகொண்டார். மட்டை முன்னதாகவே அங்கே போய்விட்டது; பந்து அவரைத் தேடி வந்தது. அன்று ஒரு கோலும் விழவில்லை. அதற்கடுத்த வாரமும் விழவில்லை.

அதற்குப் பிறகு என்ன சொல்ல? அம்பத்தூர்க்காரர்கள் தோற்றார்கள், பூந்தமல்லிக்காரர்கள் தோற்றார்கள், ராணுவ முகாமிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தோற்றுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் இந்தத் தொந்திக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாற்பதாவது வயதில் ஜில்லா டீமில் சேர்த்தார்கள். அவர் நிற்பதைப் பார்க்க, ஆம், ஓடுவதை அல்ல, நிற்பதைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள்.

ஆனால் மேதைக்கும் தீனி வேண்டுமே. ஒவ்வொரு வருஷமும் பந்தயக் காலம் நெருங்கும்போது லோகநாதன் முழங்காலைத் தடவிக்கொண்டு, இந்த வருஷத்தோடு போதும் என்று பெருமூச்சு விடுவார். உடனே பந்தல், மாலை, ராஜசேகரன் பிரசங்கம். கேட்டுவிட்டு, புதுத் தெம்போடு ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார். ஒரு வருஷம் ராஜசேகரன் வாய் தவறி, தம் கோலருகே நின்று அடித்தே பந்தை எதிர்க் கோல் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவர் என்று சொல்லிவிட்டார். அதையும் விடாமல் பழகிக்கொண்டார் மனிதர். அது முதல் ராஜசேகரன் நிதானமாகவே பேசினார்.

இதற்குள் வேம்புலிக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. எலுமிச்சம்பழம் மட்டும் அப்படியே இருந்தது.

நாலாவது விழா முடிந்த வருஷம், முகாம் டீமுடன் கோப்பைக்கான கடைசிப் பந்தயம். மைதானத்தைச் சுற்றி ஜனம். லோகநாதன் உட்கார்ந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது வேம்புலி வந்து எதிரே நின்றான். அன்று அவன் நிக்கர் போட்டிருக்கவில்லை, வேட்டி கட்டியிருந்தான். லோகநாதன் பழக்கதோஷத்தில் அவன் கண்ணைப் பார்த்தார். அது மைதானத்தின் பக்கம் இல்லை. ரோட்டுப் பக்கம் இருந்தது.

"இன்னாடா, அடுத்த வாரம் வரமாட்டியா?"

"இல்ல அண்ணாத்தே. பெரம்பூராண்ட ஒரு டீமு கூப்புடுறாங்க. எடம் கீதாம்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் லோகநாதனுக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் மரியாதையாகச் சொன்னான். எத்தனையோ பேருடைய கண்ணைப் படித்த மனிதர், மூன்று வருஷமாக ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் கண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டின பூட்ஸை அவிழ்த்தார்.

"எறங்குடா" என்றார்.

ராஜசேகரன் ஓடி வந்தார். கடைசிப் பந்தயம், வெள்ளைக்காரர்கள், இவ்வளவு ஜனம், இதற்குப் பிறகு வேண்டுமானால் ஒரு பெரிய விழாவே எடுக்கலாம் என்று கெஞ்சினார்.

"நாலு தபா அனுப்பி வச்சே நைனா" என்றார் லோகநாதன். "இப்போதான் போறேன்."

வேம்புலி யாரிடமோ நிக்கர் இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினான். நன்றாகத்தான் ஆடினான். கடைசியில் ஒரு பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது. ஆவடி ஒரு கோலில் தோற்றது. வேம்புலி தலை குனிந்து நின்றான். கோட்டுக்கு வெளியே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த லோகநாதன், அவனைக் கூப்பிட்டு, கோல் போட்டவன் போகப்போகிற பக்கத்தை முன்னாலேயே எப்படிப் பார்க்கிறான் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேம்புலி ஆவடிக்கே ஆடினான். லோகநாதன் மைதானத்துக்கு வரவே இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல ராஜசேகரனிடம் முதன்முறையாக உண்மையான சங்கதிகள் நிறைய இருந்தன. பந்தல் போட்டால் மறுபடி வந்துவிடுவாரோ என்கிற பயத்தில் ஒன்றையும் சொல்லவில்லை.

நீங்கள் ஹாக்கி ஆடுகிறவர் இல்லைதான். இருந்தாலும், "எனக்கெதுக்குங்க இதெல்லாம், சின்னவங்க பார்த்துக்கட்டும்" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? சொன்ன பிறகு எவ்வளவு காலமாக அங்கேயே இருக்கிறீர்கள்? நீங்கள் சுமாரான ஆள் என்றால் கவலை இல்லை. ஊரார் மாலை போட்டு எழுப்பிப் பார்ப்பார்கள். நிஜமாகவே கெட்டிக்காரராக இருந்துவிட்டால்தான் வம்பு. எழுந்திருக்கச் சொல்லி ஒருவரும் வரமாட்டார்கள்.